ஏ பிளஸ் யாருக்கு வந்துச்சு? புது செமஸ்டரும் நம்ம ராம்நாடு கடற்கரையும்

ஜூன் 14 ராத்திரியோட மீன்பிடி தடைக்காலம் முடியும், ராமேஸ்வரம் பாம்பன் மண்டபம் தொண்டின்னு எல்லா ஜெட்டியிலயும் ஐஸ் ஏத்துறது டீசல் பிடிக்கிறது வலை ஏத்துறதுன்னு விசைப்படகுக்காரங்க பரபரப்பா இருப்பாங்க, அதே கையோட காலேஜ் திறக்குற அறிவிப்பும் வந்துரும். கூடவே பல்கலைக்கழகத்துல இருந்து நல்ல செய்தி வரிசை கட்டி வரும், பேப்பர்ல உள்ளூர் பக்கத்துல, வாட்ஸ்அப் குரூப்ல, பஸ் ஸ்டாண்டு ஃபிளெக்ஸ்ல. தர மதிப்பீடு போடுற நாக் அமைப்புல ஏ பிளஸ், யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கேட்டகிரி ஒன், மத்திய அரசோட என்ஐஆர்எஃப் ரேங்க், உலகத்து டாப் ரெண்டு சதவீத விஞ்ஞானிங்க பட்டியல்ல நம்ம பேராசிரியர்கள், அந்த நாட்டோட ஒப்பந்தம் இந்தக் கம்பெனியோட ஒப்பந்தம். படிக்க பெருமையாத்தான் இருக்கு, பொய்யும் கிடையாது. ஆனா இதுல எது யாரோட சாதனை, அதுல நம்ம கரையோரத்துப் பிள்ளைக்கு எவ்வளவு வந்து சேருதுன்னு யாரும் பிரிச்சு சொல்றதே இல்ல.

தங்கச்சிமடத்துல டீக்கடையில ஒரு அண்ணன் கேட்டாரு, "தம்பி, காரைக்குடி யுனிவர்சிட்டி ஏ பிளஸ்ஸுன்னு போட்ருக்கான், அப்ப நம்ம பாப்பா சேரப்போற காலேஜும் ஏ பிளஸ்தான?" இல்லண்ணேன்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டு வந்திருக்கலாம், ஆனா அவரு விடல, "பின்ன எதுக்கு அந்தப் பேரு சர்டிஃபிகேட்ல வருது"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் சொல்லணும்னா கொஞ்சம் பின்னால போகணும்.

ராமநாதபுரம் மாவட்டத்துக்குள்ள தலைமையிடம் வச்சிருக்குற பல்கலைக்கழகம்னு ஒண்ணுகூட கிடையாது. கலை அறிவியல் காலேஜ் எல்லாம் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோட இணைஞ்சது, இன்ஜினியரிங்னா அண்ணா பல்கலைக்கழகம், 2022 ஜனவரியில திறந்த அரசு மெடிக்கல் காலேஜ் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகம், 2017ல வந்த அரசு சட்டக் கல்லூரி அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். மெடிக்கலும் சட்டமும் வந்தது ராம்நாட்டுக்குப் பெரிய விஷயம்தான், மறுக்கல. ஆனா எண்ணிக்கையில நம்ம பிள்ளைங்க போறது பிஏ, பிஎஸ்சி, பிகாம், பிசிஏவுக்குத்தான், அதனால இங்க யுனிவர்சிட்டின்னா காரைக்குடின்னுதான் அர்த்தம்.

1985ல ரெண்டு விஷயம் கிட்டக்கிட்ட நடந்துச்சு. பழைய பெரிய ராமநாதபுரம் மாவட்டம் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்னு மூணா பிரிஞ்சுச்சு. அதே வருஷம் அழகப்பா பல்கலைக்கழகம் சட்டப்படி உருவாச்சு. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தோட இருந்த நம்ம பக்கத்து காலேஜ் எல்லாம் அதுக்கும் பல வருஷம் கழிச்சுத்தான் காரைக்குடி பக்கம் வந்துச்சு. 1965ல இருந்து ராம்நாட்டுல இருக்குற சேதுபதி அரசு கலைக் கல்லூரியும் அப்படித்தான், கீழக்கரையில 1988ல தொடங்குன தாசிம் பீவி அப்துல் காதர் பெண்கள் கல்லூரியும் இப்ப காரைக்குடியோடதான். (கீழக்கரையில அந்தப் பெண்கள் காலேஜ் என்ன மாத்துச்சுங்கிறது தனிக் கட்டுரைக்கான விஷயம், பொட்டப்பிள்ளைய மதுரைக்கோ திருச்சிக்கோ ஹாஸ்டலுக்கு அனுப்ப மாட்டேன்னு நின்ன வீடுகள்ல இருந்துதான் முதல் டிகிரிக்காரங்க வந்தாங்க.)

காரைக்குடி கேம்பஸுக்குப் பின்னால அழகப்ப செட்டியார் இருக்காரு. 1909ல பிறந்து 1957லயே போய்ட்டாரு, அந்தக் கொஞ்ச வயசுக்குள்ள 1947ல காலேஜ் தொடங்கி, சிக்ரிங்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வர்றதுக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் குடுத்து, 1948ல நேருவ கூட்டிட்டு வந்து அடிக்கல் நாட்டுன ஆளு. அந்த அஸ்திவாரத்துலதான் இன்னிக்கு வர்ற ரேங்க் எல்லாம் நிக்குது, கேம்பஸ், லேப், நிலம், பக்கத்துலயே தேசிய ஆராய்ச்சி நிலையம்னு. இந்த மாதிரி ஒரு அஸ்திவாரம் கடற்கரைப் பக்கம் யாரும் போடல. போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாக்கிறதுண்டு, சரி அது கிடக்கட்டும்.

இப்ப அந்த ஏ பிளஸ். நாக்னு சொல்றது பெங்களூர்ல இருக்குற ஒரு மதிப்பீட்டு கவுன்சில், 1994ல தொடங்குனது. காலேஜோ யுனிவர்சிட்டியோ தன்னப் பத்தி ஒரு பெரிய அறிக்கை எழுதிக் குடுக்கணும், அதுல உள்ள நம்பரை எல்லாம் சரி பாப்பாங்க, அப்புறம் ஒரு குழு நேர்ல வந்து ரெண்டு மூணு நாள் சுத்திப் பாத்து மார்க் போடும். மொத்தம் நாலுக்கு எவ்வளவுன்னு வரும். அழகப்பாவுக்கு 2017ல மூணாவது சுற்றுல 3.64 வந்துச்சு, கிரேடு ஏ பிளஸ். இதுல ஒரு கூத்து உண்டு. அந்த மார்க் போட்ட சமயத்து விதிப்படி ஏ பிளஸ் பிளஸ் வாங்கணும்னா 3.76 தாண்டணும். அதே 2017 ஜூலைல நாக் விதிய மாத்தி 3.51க்கு மேல இருந்தாலே ஏ பிளஸ் பிளஸ்னு ஆக்கிருச்சு. அதாவது அதே 3.64 கொஞ்சம் லேட்டா வந்திருந்தா ஃபிளெக்ஸ்ல இன்னொரு பிளஸ் சேர்ந்திருக்கும். அதனால ஒரு யுனிவர்சிட்டி ஏ பிளஸ், இன்னொண்ணு ஏ பிளஸ் பிளஸ்னு பாத்து இது மட்டம் அது உசத்தின்னு முடிவு பண்ணிராதீங்க, எந்த வருஷத்து மார்க்குன்னு முதல்ல பாருங்க. எழுத்த விட்டுட்டு நம்பர பாக்கணும்.

அந்த அண்ணன் கேட்டதுக்கு பதில் இதுக்கு அடுத்த படியில இருக்கு. நாக்ல மூணு விதமான மதிப்பீட்டு முறை இருக்கு, பல்கலைக்கழகத்துக்கு ஒண்ணு, தன்னாட்சிக் கல்லூரிக்கு ஒண்ணு, இணைப்புக் கல்லூரிக்கு ஒண்ணு. ஏழு தலைப்பு மூணுக்கும் ஒண்ணுதான், ஆனா வெயிட்டேஜ் வேற வேற. ஆயிரத்துக்கு கணக்கு வச்சா பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சிக்கு மட்டும் 250, கற்பித்தலுக்கு 200. இணைப்புக் கல்லூரிக்கு வந்தீங்கன்னா கற்பித்தலுக்கு 350, ஆராய்ச்சிக்கு அதுல மூணுல ஒரு பங்குதான். அப்படின்னா காரைக்குடியோட ஏ பிளஸ்ங்கிறது பெரும்பாலும் காரைக்குடி கேம்பஸ்ல இருக்குற டிபார்ட்மென்ட்டுகள், அவங்க ஆராய்ச்சி, அவங்க பிஎச்டி, அவங்க லேப் இதுக்குக் குடுத்த மார்க். ராம்நாட்டுல, கீழக்கரையில, முதுகுளத்தூர்ல, திருவாடானையில, ராமேஸ்வரத்துல பிகாம் படிக்கிற பிள்ளையோட கிளாஸ்ரூம பாத்துட்டு குடுத்த மார்க் இல்ல அது. அந்தந்த காலேஜுக்கு அதது தனியா நாக் வாங்கணும், தனி கிரேடு, தனி நம்பர். சில காலேஜ் வாங்கியிருக்கும், சிலது வரிசையில நிக்கும், புதுசா வந்த அரசு காலேஜெல்லாம் சொந்தக் கட்டடத்துக்கே அலைஞ்சிட்டு இருக்கும்.

பின்ன யுனிவர்சிட்டி பேரு எதுக்கு சர்டிஃபிகேட்லன்னா, பாடத்திட்டம் அவங்களது, செமஸ்டர் கொஸ்டின் பேப்பர் அவங்களது, பேப்பர் திருத்துறது ரிசல்ட் விடுறது பட்டம் குடுக்குறது எல்லாம் அவங்க. 25 மார்க் இன்டர்னல் மட்டும் காலேஜ் கையில, 75 வெளியில. பாடம் நடத்துறது காலேஜ், பட்டம் குடுக்குறது காரைக்குடி. ஆக ஒரு பிள்ளைக்கு யுனிவர்சிட்டி நல்லா இருக்கான்னு எப்படித் தெரியும்னா, சிலபஸ் புதுப்பிச்சிருக்கா, ரிசல்ட் நேரத்துக்கு வருதா, ரீவேல்யூவேஷன் போட்டா எத்தனை நாள் ஆகுது, ப்ரொவிஷனல் சர்டிஃபிகேட் கேட்டா காரைக்குடிக்கு எத்தனை தடவ பஸ் ஏறணும், இதுலதான். ராமேஸ்வரத்துல இருந்து காரைக்குடி போய் திரும்புறதுக்கு ஒரு முழு நாள் போயிரும், ஒரு நாள் கூலியும் போயிரும். இதுல எது முன்னேறினாலும் அது நிஜமாவே நம்ம பிள்ளைக்கு வந்த சாதனை, ஆனா "ரிசல்ட் பத்து நாள் முன்னாடியே வந்துருச்சு"ன்னு யாரும் ஃபிளெக்ஸ் அடிக்க மாட்டாங்க.

நாக்கையும் கண்ண மூடிட்டு நம்பணும்னு சொல்லல. 2025 பிப்ரவரியில ஆந்திராவுல ஒரு நிறுவனத்துக்கு நல்ல கிரேடு போட லஞ்சம் வாங்குனாங்கன்னு நாக் குழு ஆளுங்களையே சிபிஐ கைது பண்ணுச்சு. அதுக்காக எல்லா கிரேடும் காசு குடுத்து வாங்குனதுன்னு சொல்றது அபாண்டம், ஆனா கிரேடுங்கிறது மனுஷங்க வந்து போட்டுட்டுப் போறதுதான், அத ஞாபகத்துல வச்சுக்கணும்.

கேட்டகிரி ஒன்னு இன்னொரு வார்த்தை. 2018ல யுஜிசி ஒரு விதி கொண்டு வந்துச்சு, நாக்ல 3.51க்கு மேல வாங்குன பல்கலைக்கழகங்கள முதல் வகைன்னு பிரிச்சு அதிக சுதந்திரம் குடுத்துச்சு. அந்த முதல் பட்டியல்லயே அழகப்பாவும் இருந்துச்சு. புது கோர்ஸ், புது டிபார்ட்மென்ட், தன் எல்லைக்குள்ள புது வளாகம் இதெல்லாம் ஒவ்வொண்ணுக்கும் யுஜிசி வாசல்ல நின்னு அனுமதி வாங்காமலே தொடங்கலாம். நல்ல விஷயம்தான? ஆனா அதுலயே ஒரு கொக்கி, அப்படித் தொடங்குற கோர்ஸுக்கு அரசாங்கத்துக்கிட்ட காசு கேக்கக் கூடாது. காசு எங்கிருந்து வரும்? மாணவன் ஃபீஸ்ல இருந்து. அதனால புது செமஸ்டர்ல புது கோர்ஸ் தொடங்குறோம்னு செய்தி வந்தா சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி அது அரசு உதவியோட வர்றதா சுயநிதியான்னு ஒரு போன் போட்டு கேட்டுக்குங்க. பேரு நவீனமா இருக்கும், ஏஐ, டேட்டா சயின்ஸ், சைபர்னு வரும், ஃபீஸும் அதுக்குத் தக்கன இருக்கும்.

என்ஐஆர்எஃப்ப பத்தி சுருக்கமா சொல்லிட்டுப் போயிடறேன். 2016ல முதல் பட்டியல் வந்த மத்திய அரசோட ரேங்க் அது. பல்கலைக்கழகத்துக்கு நூத்துக்கு 30 கற்பித்தல் வசதி, 30 ஆராய்ச்சி, 20 படிச்சு முடிக்கிறவங்க விவரம், 10 எல்லாத் தரப்புக்கும் இடம் குடுக்குறது, 10 வெளியில இருக்குற பேரு. அந்த கடைசிக்கு முந்தின பத்துதான், அதாவது பெண்கள், பின்தங்கின சமூகம், ஏழைப் பிள்ளைங்க எத்தனை பேர் படிக்கிறாங்கங்கிறது, நம்ம பக்கத்துக்கு நேரடியா சம்பந்தப்பட்டது. நம்ம பக்கத்து அரசுக் காலேஜ் எதையும் இதுல யாரும் பாராட்டி பாத்ததில்ல, ஆனா அவங்க வாசல்ல வந்து நிக்கிறது முக்கால்வாசி வீட்டுல முதல்முதலா காலேஜ் வர்ற பிள்ளைங்கதான். டாப் ரெண்டு சதவீத விஞ்ஞானிங்கன்னா, ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டி ஆளுங்களும் எல்செவியர் கம்பெனியும் சேர்ந்து வருஷா வருஷம் போடுற பட்டியல், ஒருத்தரோட கட்டுரைய மத்த ஆய்வாளருங்க எத்தனை தடவ மேற்கோள் காட்டியிருக்காங்கங்கிற கணக்கு. ஒரே வருஷத்துக்குத் தனிப் பட்டியல், வாழ்நாள் முழுக்கன்னு தனிப் பட்டியல், செய்தியில எதுன்னு சொல்றதே இல்ல. கிளாஸ்ல நல்லா நடத்துறாரான்னு அந்தப் பட்டியலுக்குத் தெரியாது. புரிந்துணர்வு ஒப்பந்தம் பத்தி எழுத ஒண்ணுமில்ல, ரெண்டு பேர் ஃபைலப் பிடிச்சுட்டு நிக்கிற போட்டோ வந்து ரெண்டு வருஷம் கழிச்சு எத்தனை மாணவன் போய்ட்டு வந்தான்னு கேளுங்க, அவ்வளவுதான்.

நடத்துறதுன்னு வந்தாச்சு, அதயும் பேசிருவோம். அரசு கலைக் கல்லூரிகள்ல பாதி சுமை கௌரவ விரிவுரையாளர்கள் தோள்லதான். பேருதான் கௌரவம். மாசம் 25,000, அதுவும் வருஷத்துக்கு 11 மாசம்தான், மே மாசம் சம்பளம் கிடையாது. 20,000மா இருந்தது 2023லதான் 25 ஆச்சு. நெட், செட் தகுதித் தேர்வு, பிஎச்டி எல்லாம் முடிச்சுட்டு பத்து பதினஞ்சு வருஷமா அப்படியே இருக்குறவங்கள எனக்கே தெரியும். 4,000 உதவிப் பேராசிரியர் இடத்துக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் (டிஆர்பி) 2024 மார்ச்ல அறிவிப்பு விட்டுச்சு, தேர்வு தேதி தள்ளித் தள்ளிப் போச்சு. மேல துணைவேந்தர் நியமன இழுபறி வேற, கவர்னருக்கும் தமிழக அரசுக்கும் நடக்குற சண்டையில பல பல்கலைக்கழகம் துணைவேந்தர் இல்லாம கமிட்டி வச்சு ஓடுச்சு. 2025 ஏப்ரல் 8ல சுப்ரீம் கோர்ட் கவர்னர் நிறுத்தி வச்ச மசோதாக்களுக்கு ஒப்புதல் வந்ததா வச்சுக்கலாம்னு தீர்ப்பு சொன்னதும் முடிஞ்சுதுன்னு நினைச்சோம், மே மாசமே துணைவேந்தர் நியமனப் பிரிவுக்கு மட்டும் ஹைகோர்ட் தடை போட்ருச்சு. இதெல்லாம் சென்னை டெல்லி அரசியல்னு தோணும், ஆனா புது ஆசிரியர் போடுறது, பட்டமளிப்பு விழா நடத்துறது எல்லாம் அந்தக் கையெழுத்தோட தொங்குது.

இப்ப எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வர்றேன், தொண்டி. அழகப்பா பல்கலைக்கழகத்துக்கு காரைக்குடிய விட்டு கடலோரத்துல ஒரு வளாகம் இருக்குன்னு ராம்நாட்டுலயே பாதிப் பேருக்குத் தெரியாது. கடலியல் மற்றும் கடலோர ஆய்வுகள் துறை தொண்டியிலதான் இருக்கு. கேம்பஸ்ல இருந்து கொஞ்ச தூரத்துல பாக் விரிகுடா. ஆழம் ரொம்ப இல்லாத அமைதியான கடல், அடியில மைல் கணக்கா கடல் தாழைங்கிற கடல்புல், அதத் தின்ன வர்ற ஆவுளியாங்கிற கடல்பசு. 2022 செப்டம்பர்ல தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடல்ல 448 சதுர கிலோமீட்டர இந்தியாவுலயே முதல் கடல்பசு பாதுகாப்பகமா அறிவிச்சுச்சு, அதுல தாழை மட்டும் 12,250 ஹெக்டேர். எல்லைக்கோடு நம்ம மாவட்டத்துக்கு வடக்கால நின்னுருச்சு, ஆவுளியாவுக்கு எல்லைக்கோடு தெரியாதே, அது தொண்டிப் பக்கமும் வரும்.

இங்க ஆராய்ச்சின்னா கடலுக்குள்ள இறங்குற வேலைதான். இடுப்பளவு தண்ணியில, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரமா பிவிசி பைப்புல செஞ்ச சட்டத்த தரையில போட்டு, அதுக்குள்ள எந்த வகைத் தாழை எத்தனை செடின்னு எண்ணி, நீருக்குள்ளயே எழுதுற பிளாஸ்டிக் பலகையில பென்சில்ல குறிச்சு, சட்டத்த தூக்கி அடுத்த இடத்துல போட்டு திரும்ப எண்ணுவாங்க. மத்தியானத்துக்கு காத்து கிளம்பிட்டா தண்ணி கலங்கிரும், ஒண்ணும் தெரியாது, அதனால விடியக்காலையிலயே இறங்கிருவாங்க. இத நம்ம ஊர்ப் பிள்ளை ஒண்ணு செஞ்சா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க, எந்த மாசம் எந்தக் காத்துன்னு அதுக்குச் சொல்லிக் குடுக்க வேண்டியதே இல்ல, வாடை எப்ப கச்சான் எப்பன்னு வீட்டுலயே பேசுற பிள்ளை. ஆனா பிஎஸ்சி முடிச்சுட்டு தொண்டியில எம்எஸ்சி சேரலாம்னு நம்ம நம்புதாளை, மோர்ப்பண்ணை, காரங்காட்டுப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லியிருக்காங்களா?

மண்டபத்துல இதே கதைதான், இன்னும் பழசு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947ல சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் லேப்ல தொடங்கி, 1949ல மண்டபம் கேம்ப்புக்கு வந்து, 1971ல தலைமையகம் கொச்சிக்குப் போற வரைக்கும் இங்கதான் இருந்துச்சு. இந்தியாவோட கடல் மீன் ஆராய்ச்சிக்கு இருபது வருஷத்துக்கு மேல தலைநகரம் மண்டபம்னு சொன்னா நம்மாளுங்களே சிரிப்பாங்க. இப்பவும் மண்டல நிலையம் இருக்கு, கடல் விறால இந்தியாவுல முதல் தடவயா அடைச்சு வச்சு குஞ்சு பொரிக்க வச்சது 2010ல இங்கதான், மறுவருஷம் சில்வர் பொம்பனோ மீனு. தமிழ்நாட்டுல விலங்கியல் படிச்ச எல்லாருக்கும் ராமேஸ்வரம் டூர் ஞாபகம் இருக்கும், குருசடைத் தீவு, பலனோகுளோசஸ்ங்கிற கடல்புழு, பாட்டில்ல ஃபார்மலின். வெளியூர்ல இருந்து பஸ் பஸ்ஸா வந்து நம்ம கடலப் பாத்து ரெக்கார்டு எழுதிட்டுப் போறாங்க. நம்ம பிள்ளை பிகாம் படிச்சுட்டு திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறுது. பிகாம் தப்புன்னு சொல்லல, கண்ணு முன்னால இருக்குறது கணக்குலயே வரலங்கிறதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

பாசி விஷயமும் அப்படித்தான். கப்பாஃபைகஸ்னு ஒரு வெளிநாட்டுப் பாசி, மண்டபத்துல இருக்குற உப்பு கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க கொண்டு வந்து வளத்துப் பாத்தாங்க, அப்புறம் பெப்சி கம்பெனி அத எடுத்து நடத்துனதால நம்ம ஊர்ல அதுக்குப் பேரே பெப்சி பாசி. மூங்கில் மிதவை கட்டி 45 நாளுல அறுப்பு, நிறைய பெண்கள் குழு அதுல பிழைச்சுச்சு. அதே பாசி குருசடைப் பக்கம் பவளப்பாறை மேல ஏறிப் படருதுன்னு ஆராய்ச்சிக்காரங்களே எழுதுனாங்க. வருமானமா பாறையான்னு இன்னும் முடியாத சண்டை. இப்ப தொண்டிக்குப் பக்கத்துல வளமாவூர்ல 127 கோடிக்கு மேல செலவுல கடல்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பர்ல அடிக்கல் போட்டாச்சு. அங்க வரப்போற லேப்ல வேலைக்கு எம்எஸ்சி படிச்ச ஆள் தேவைப்படும், கூலிக்கு பாசி அள்ளவும் ஆள் தேவைப்படும். நம்மூர்ப் பிள்ளை இதுல எந்த வரிசையில நிக்கப்போகுதுங்கிறது இந்த ஜூன்ல எந்தக் கோர்ஸ்ல சேருதுங்கிறதுல இருக்கு.

சரி, சேர்றதுக்குக் காசு? இங்கதான் தடைக்காலம் வருது. ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் விசைப்படகு கட்டிக் கிடக்கும். பிளஸ் டூ ரிசல்ட் மே மாசம், அரசு காலேஜுக்கு ஆன்லைன் விண்ணப்பமும் மே மாசம், கலந்தாய்வு மே கடைசி ஜூன் தொடக்கம். வீட்டுல ஒரு ரூபா வராத ரெண்டு மாசத்துக்குள்ளதான் மொத்த அட்மிஷனும் முடியுது. அரசு குடுக்குற தடைக்கால நிவாரணம் 5,000மா இருந்தத 8,000மா ஆக்குறோம்னு 2023 ஆகஸ்ட்ல மண்டபத்துல நடந்த மீனவர் மாநாட்டுலதான் முதலமைச்சர் அறிவிச்சாரு, ஆனா அந்தப் பணத்துல ரெண்டு மாசம் சோறு திங்கணும், வலை பழுது பாக்கணும். விண்ணப்பக் கட்டணம் 50 ரூபாதான், அரசு காலேஜ் ஃபீஸும் கம்மிதான், ஒத்துக்கிறேன். ஹாஸ்டல், பஸ், செருப்பு, நல்ல சட்டை, ஒரு போன், இதுக்கெல்லாம் கம்மி கிடையாது. அரசு காலேஜ்ல இடம் கிடைக்காம தனியாருக்குப் போனா முதல் தவணைக்கு வட்டிக்கு வாங்கணும், இல்லன்னா படகு முதலாளிகிட்ட முன்பணம், அந்த முன்பணம் வாங்குனா அந்தப் படக விட்டு நகர முடியாது. படகு இலங்கைக்காரன்கிட்ட மாட்டுச்சுன்னா முடிஞ்சுது, அந்தப் பிள்ளை செகண்ட் இயர் வருமான்னே சொல்ல முடியாது.

இதுல மாசம் ஆயிரம் ரூபாங்கிறது என்னன்னு வெளியூர்க்காரங்களுக்குப் புரியாது. 2022 செப்டம்பர் 5ல புதுமைப் பெண் வந்துச்சு, அரசுப் பள்ளியில ஆறாம் வகுப்புல இருந்து படிச்ச பொட்டப்பிள்ளைகளுக்கு, பையன்களுக்கு தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட்ல. ஆனா நம்ம கரையில நிறைய பள்ளிக்கூடம் சர்ச்சு நடத்துறது, ஜமாத்து டிரஸ்ட்டு நடத்துறது, அரசு உதவி பெறும் பள்ளி. அங்க படிச்ச பொட்டப்பிள்ளைக்கு முதல்ல கிடையாதுன்னுட்டாங்க, ஒரே தெருவுல ஒரு பிள்ளைக்கு வரும் ஒரு பிள்ளைக்கு வராது. 2024 டிசம்பர் கடைசியில தூத்துக்குடியில வச்சுத்தான் உதவி பெறும் பள்ளியில தமிழ்வழியில படிச்ச பொட்டப்பிள்ளைகளுக்கும் சேர்த்தாங்க. என்னக் கேட்டா அந்த வருஷத்துல இந்தக் கரைக்கு வந்த பெரிய கல்விச் செய்தி அதுதான், பல்கலைக்கழக ரேங்க் ஏறுனதோ இறங்குனதோ இல்ல.

செமஸ்டர் காலண்டரே கடலுக்கு எதிரா ஓடுது. முதல் செமஸ்டர் ஜூன் ஜூலைல தொடங்கி நவம்பர்ல பரிட்சை. நவம்பர்னா நமக்கு வடகிழக்கு மழை. 2024 நவம்பர் 20ல ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, வீட்டுக்குள்ள தண்ணி, கரண்ட் இல்ல, கட்டில் மேல உக்காந்து படிக்கணும். ரெண்டாவது செமஸ்டர் பரிட்சை ஏப்ரல், அப்ப தடைக்காலம் தொடங்கிரும், பரிட்சை ஃபீஸ் கட்டுற நேரத்துல கையில காசு இருக்காது. காரைக்குடியில உக்காந்து அட்டவணை போடுறவங்களக் குறை சொல்ல முடியாது, அவங்களுக்கு சிவகங்கைப் பக்கமும் பாக்கணும், ஆனா ஃபீஸ் கட்டுற கடைசித் தேதிய மட்டுமாவது மார்ச் முடியுறதுக்குள்ள வாங்கிட்டா இந்தக் கரையில அரியர் எண்ணிக்கையே குறையும்னு நான் நினைக்கிறேன்.

பாம்பன் பாலம் இன்னொண்ணு. 2022 டிசம்பர் 23ல பழைய பாலத்துல ரயில நிறுத்துனாங்க, புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6. அந்த 2022ல காலேஜ் சேர்ந்த தீவுப் பிள்ளைங்க ஃபர்ஸ்ட் இயர் பாதியில ரயில இழந்து, கடைசி செமஸ்டர் முடியுற நேரத்துலதான் திரும்பப் பாத்தாங்க. நடுவுல முழுக்க பஸ்தான். பொம்பளப் பிள்ளைகளுக்கு டவுன் பஸ் 2021ல இருந்து இலவசம், ஆனா ராமேஸ்வரம் ராம்நாடு அம்பது கிலோமீட்டருக்கு மேல, எல்லா பஸ்ஸும் டவுன் பஸ் இல்லையே. பாஸ் வர்றதுக்கே பாதி செமஸ்டர் ஆயிரும்.

தமிழ்நாட்டுல 18ல இருந்து 23 வயசு வரைக்கும் உள்ளவங்கள்ல நூத்துக்கு 47 பேர் காலேஜ் போறாங்கன்னு 2021-22 கணக்கு, இந்தியாவுக்கு 28.4தான். இதே தமிழ்நாட்டுல முன்னேற விழையும் மாவட்டம்னு மத்திய அரசு 2018ல பிரிச்சு வச்ச ரெண்டுல ஒண்ணு நம்ம ராமநாதபுரம், இன்னொண்ணு விருதுநகர். ரெண்டும் ஒரு காலத்துல ஒரே மாவட்டம்.

இந்த வருஷம் சேர்க்கப் போறவங்களுக்கு: காலேஜுக்குப் போனதும் நாக் கிரேடு எங்களதா யுனிவர்சிட்டியோடதான்னு கேளுங்க, உங்க டிபார்ட்மென்ட்ல நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர்னு கேளுங்க, ரெண்டு வருஷம் முன்னாடி ஃபர்ஸ்ட் இயர்ல சேர்ந்தவங்கள்ல எத்தனை பேர் இப்ப தேர்டு இயர் வந்திருக்காங்கன்னு கேளுங்க, முகம் சுளிச்சாலும் கேளுங்க. பிஎஸ்சி விலங்கியல், தாவரவியல், வேதியியல் முடிச்ச பிள்ளை வீட்டுல இருந்தா தொண்டிக்கு ஒரு நாள் கூட்டிட்டுப் போய் அந்தத் துறையில என்ன கோர்ஸ் இருக்கு, என்ன உதவித்தொகை இருக்குன்னு நேர்லயே விசாரிங்க. முதல் கலந்தாய்வுல இடம் கிடைக்கலன்னா உடனே தனியாருக்குக் காசு கட்டிராதீங்க, அரசு காலேஜ்ல காலி இடத்துக்கு ரெண்டாவது கட்டம் வைப்பாங்க, அதுக்குள்ள படகும் ஒரு ரெண்டு நடை போய்ட்டு வந்திருக்கும்.